சர்வேயர் வேலைக்கா நாலு வருசப் படிப்பு? ஏற்காட்டுத் தங்கைக்கு ஒரு பதில்

நீ கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் புரியும். ஊர் ஏற்காட்டைத் தாண்டி ஒரு மலைக் கிராமம். ப்ளஸ் டூ முடித்தாயிற்று, கணிதம் பிடிக்கும். கவுன்சிலிங்கில் கிண்டியில் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் கிடைக்கலாம் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். "சங்கிலி பிடிக்கிற சர்வேயர் வேலைக்கு எதுக்குக் கண்ணு நாலு வருசப் படிப்பு?" என்று அப்பா கேட்கிறார். நீ என்னிடம் கேட்பது மூன்று: உள்ளே என்ன படிப்பார்கள், வெளியே வந்தால் என்ன வேலை, பொம்பளைப் பிள்ளைக்கு இது ஒத்துவருமா.

நான் சேலம் அஸ்தம்பட்டியில் வளர்ந்தவள். இந்தத் துறையிலேயே படித்து, பதினெட்டு வருடமாக இதிலேயே சோறு தின்கிறேன். மலை ஏறியும் அளந்திருக்கிறேன், கணினி முன்னால் உட்கார்ந்து மாதக்கணக்கில் கண் எரியவும் வேலை பார்த்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அப்பாவுக்கு. கிண்டி பொறியியல் கல்லூரி பொறியியல் கல்லூரியாகத் தொடங்கவில்லை. 1794இல் சென்னைக் கோட்டை அருகே ஒரு சர்வே பள்ளியாக, எட்டு மாணவர்களோடு தொடங்கியது. கட்டடம், இயந்திரம், மின்சாரம், கணினி எல்லாம் அதற்கு அப்புறம் வந்து சேர்ந்த பாடங்கள். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி பரங்கிமலைப் பக்கம் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். அந்த நேர்கோட்டிலிருந்து தொடங்கி, மலைக்கு மலை கோணம் எடுத்து முக்கோணம் முக்கோணமாக நகர்ந்துதான் இமயமலை வரை நாட்டை அளந்து முடித்தார்கள். சங்கிலி பிடிப்பது சின்ன வேலை என்று அப்பா நினைப்பதில் தப்பில்லை. அவர் பார்த்தது சங்கிலியை மட்டும்தான். அதன் பின்னால் இருக்கிற கணக்குக்குத்தான் நாலு வருடம்.

ஜியோமேடிக்ஸ், ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் என்ற இரண்டு பெயரையும் பார்த்துக் குழம்பாதே. கனடாவிலும் பிரெஞ்சு பேசுகிறவர்கள் மத்தியிலும் வளர்ந்த பெயர் ஜியோமேடிக்ஸ். கிண்டியில் பி.இ. படிப்புக்கு ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் என்று பெயர், ரூர்க்கி ஐஐடி முதுகலையில் ஜியோமேடிக்ஸ் என்கிறார்கள். ஜியோமேடிக்ஸில் நில அளவை கொஞ்சம் தூக்கலாகவும் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸில் கணினி கொஞ்சம் தூக்கலாகவும் இருக்கும், அவ்வளவுதான். பூமியில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று அளப்பது, அளந்ததைக் கணக்குப் போட்டுச் சரிபார்ப்பது, சேமிப்பது, அடுத்தவர் நம்பிப் பயன்படுத்துகிற மாதிரி கொடுப்பது, எல்லாம் சேர்ந்ததுதான் இந்தப் படிப்பு. "எங்கே?" என்ற கேள்விக்கு இன்றைக்குக் கையில் இருக்கிற போனே பதில் சொல்லிவிடும். "எவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஆள் வேண்டும். உன் படிப்பும் பிழைப்பும் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. அதை நம்ம ஊரை வைத்தே காட்டுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். மேட்டூர்ப் பக்கத்திலிருந்து சேலம் வரை ஒரு குழாய்ப் பாதைக்கு வரைபடம் போட வேண்டும். இரண்டு குழுக்கள் இரண்டு முனையிலிருந்து அளந்து கோப்புகள் அனுப்பின. இரண்டையும் ஒரே திரையில் திறந்தேன். மேட்டூர்ப் புள்ளிகள் ஒரு மூலையில், சேலம் புள்ளிகள் இன்னொரு மூலையில், நடுவில் 600 கிலோமீட்டருக்கு மேல் வெறும் வெள்ளை. உண்மையில் இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் நாற்பது கிலோமீட்டர் சொச்சம்தான்.

நடந்தது இதுதான். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் போட, யூடிஎம் என்ற முறையில் உலகத்தை ஆறு ஆறு டிகிரியாக 60 பட்டைகளாக வெட்டியிருக்கிறார்கள். 43ஆம் பட்டையும் 44ஆம் பட்டையும் சேர்கிற இடம் 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை. அந்தக் கோடு சேலம் மாவட்டத்துக்குள்ளேயே போகிறது. மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி அதற்கு மேற்கே. ஓமலூர், சேலம், ஏற்காடு கிழக்கே. ஒவ்வொரு பட்டைக்கும் தனி அளவுகோல்: பட்டையின் நடுக்கோட்டுக்கு 5,00,000 மீட்டர் என்று பெயர் வைத்து, அங்கிருந்து கிழக்கே கூட்டி, மேற்கே குறைத்துக்கொண்டு போவார்கள். அதனால் 43ஆம் பட்டையில் மேட்டூரின் கிழக்கு மதிப்பு சுமார் 8,05,000. 44ஆம் பட்டையில் சேலத்தின் கிழக்கு மதிப்பு சுமார் 1,90,000. பக்கத்துப் பக்கத்து ஊர், ஆளுக்கொரு அளவுகோல்.

எனக்கு அப்போது இது பாதிதான் தெரியும். ஒரு கோப்பை அப்படியே நகர்த்தி, இரண்டுக்கும் பொதுவான ஒரு புள்ளியில் கொண்டுவந்து ஒட்டினேன். ஒட்டின இடத்தில் அழகாகப் பொருந்தியது. நகர்த்தினால் மட்டும் போதாது, திருப்பவும் வேண்டும் என்று தெரியாது. ஒவ்வொரு பட்டையின் கட்டக் கோடுகளும் ஓரத்துக்குப் போகப் போக உண்மை வடக்கிலிருந்து சாயும். 78 டிகிரியில் ஒன்று இந்தப் பக்கம் சாய, மற்றது அந்தப் பக்கம் சாய்கிறது. நம்ம அட்சரேகையில் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 1.2 டிகிரி வித்தியாசம். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஒட்டின புள்ளியிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் அது 200 மீட்டர். சாலை ஓரமாகப் போக வேண்டிய குழாய் யாரோ ஒருவர் தோப்புக்குள் போயிருக்கும்.

அச்சுக்குப் போவதற்கு முன்னால் அலுவலகத்தில் இருந்த வயதான ட்ராஃப்ட்ஸ்மேன் ஒருவர் பிடித்துவிட்டார். திட்டவில்லை. அலமாரியிலிருந்து, மேடு பள்ளம் காட்டுகிற பழைய நிலப்படங்களான டோப்போ தாள்கள் இரண்டை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். மேட்டூர் இருந்தது 58 ஈ வரிசைத் தாளில், சேலம் இருந்தது 58 ஐ வரிசைத் தாளில். "பாரு பாப்பா, பழைய தாளும் இதே 78லதான் பிரியுது. கோட்டுக்கு இந்தாண்ட அந்தாண்ட எதையாவது சேக்கறதுன்னா கை போட்டு இழுக்கக் கூடாது, கணக்குப் போட்டுத்தான் சேக்கணும்" என்றார். எல்லாப் புள்ளிகளையும் அட்சரேகை தீர்க்கரேகைக்கு மாற்றி, அங்கிருந்து 44ஆம் பட்டைக்குக் கொண்டுபோனோம். இருபது நிமிட வேலை. அந்த இருபது நிமிடம் என்ன என்று தெரிந்துகொள்ளத்தான், பூமியின் வடிவத்தை அளக்கிற ஜியோடெசி என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். மென்பொருள் எல்லாம் செய்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. நான் கோப்பை இழுத்து ஒட்டியபோது அந்த மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்னொன்று உங்கள் மலையிலேயே நடந்தது. சேலத்திலிருந்து ஏறுகிற சாலையில், இருபது கொண்டை ஊசி வளைவில் சில வளைவுகளின் சரிவை அளக்கிற வேலை. ஜிபிஎஸ் கருவி இருக்கிறதே என்று நினைப்பாய். வானம் திறந்திருந்தால் ஆர்டிகே என்ற துல்லியமான வகை ஜிபிஎஸ் கருவி இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் இடம் சொல்லும். மரத்தடியில் சொல்லாது. குறைந்தது நாலு செயற்கைக்கோளின் சமிக்ஞை தடையில்லாமல் வர வேண்டும். இலைக்கும் பாறைக்கும் நடுவே அது அறுந்து போகும், அல்லது பாறையில் பட்டுத் தெறித்து வந்து பொய் சொல்லும். அதனால் கீழே வெட்டவெளியில் ஒரு புள்ளி, மேலே வெட்டவெளியில் ஒரு புள்ளி ஜிபிஎஸ்ஸில் எடுத்துவிட்டு, நடுவில் கோணமும் தூரமும் அளக்கிற டோட்டல் ஸ்டேஷன் கருவியை இடம் இடமாக, அதாவது நிலையம் நிலையமாக, வைத்து ஏறினோம்.

காலை பத்து மணிக்கு மேலும் பனி விலகவில்லை. முக்காலியை மூன்று முறை மிதித்து நிறுத்தி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, கருவியின் உயரத்தை டேப்பில் அளந்து எழுதிவிட்டுக் கண்ணை வைத்தால் எதிரே வெள்ளை. முப்பது மீட்டரில், கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்புகிற ப்ரிசத்தைப் பிடித்து நிற்கிற பையன் தெரியவில்லை, அவன் சட்டைச் சிவப்பு மட்டும் மங்கலாக. பனி விலகுகிற நேரத்தில் நாலு நிலையம், பஸ் வந்தால் நிறுத்தம், மறுபடி பனி. மதியத்துக்கு மேல் ப்ரிசம் ஒன்று கீழே விழுந்து கீறியதால் வேறு ப்ரிசத்தை மாட்டினோம். சாயங்காலம் மேலே உள்ள புள்ளியில் போய் மூடினால், இருக்க வேண்டிய இடத்துக்கும் நாங்கள் வந்து சேர்ந்த இடத்துக்கும் நாற்பது சென்டிமீட்டர் போல வித்தியாசம்.

அந்த நாற்பது சென்டிமீட்டரை எல்லா நிலையங்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டுவிட்டு அழகான அறிக்கை கொடுக்க மென்பொருளுக்கு ஒரு நொடி போதும். பங்கு போட்டால் பிழை போய்விடாது, எல்லாப் புள்ளிக்குள்ளும் ஒளிந்துகொள்ளும். இரவு அறையில் உட்கார்ந்து குறிப்பேட்டைப் புரட்டினபோது, மதியத்துக்கு முன்னால் சரியாக இருந்ததும் பின்னால் நிலையத்துக்கு நிலையம் அளந்த ஒவ்வொரு நீளமும் மூன்று சென்டிமீட்டர் கூடியிருந்ததும் தெரிந்தது. ப்ரிசம் மாற்றினோம், கருவியில் அந்தந்த ப்ரிசத்துக்கு உரிய திருத்த எண்ணான ப்ரிசம் மாறிலியை மாற்றவில்லை. திருத்திக் கணக்குப் போட்டதும் ட்ராவர்ஸ், அதாவது நிலையம் நிலையமாக அளந்து வந்த பாதை, இரண்டு சென்டிமீட்டருக்குள் மூடியது. தற்செயலான பிழையைப் பங்கு போடலாம், காரணம் இருக்கிற பிழையைத் தேடிப் பிடிக்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் மனசில் பதிந்தால், பிழையைக் கணக்காகப் பங்கு போடுகிற லீஸ்ட் ஸ்கொயர்ஸ் பாடம் பாதி முடிந்த மாதிரி. கல்லூரியில் எல்லாரும் பயந்து ஓடுகிற பாடம் அது. நீ ஓடாதே. கணிதம் பிடிக்கும் என்கிறாய், உனக்காகவே வைத்த பாடம்.

மற்ற பாடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் எல்லாப் பொறியியல் பிள்ளைகளோடும் சேர்ந்து கணிதம், இயற்பியல், நிரல். அப்புறம் நில அளவை, ஜியோடெசி, ஜிபிஎஸ், வான்படங்களிலிருந்து அளவு எடுக்கிற ஃபோட்டோகிராமெட்ரி, செயற்கைக்கோள் படங்களிலிருந்து தகவல் எடுக்கிற ரிமோட் சென்சிங், வரைபடத்தையும் தகவலையும் சேர்த்துக் கணினியில் கையாளுகிற ஜிஐஎஸ், தரவுத்தளம், நீரியல், கொஞ்சம் புவியியல். சர்வே கேம்ப் உண்டு; கொளுத்துகிற வெயிலில் அளப்பாய், அந்த நாட்களில்தான் இது உனக்கு ஆகுமா ஆகாதா என்று தெரியும். நிரல் எழுதுகிற பைத்தானும் தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கிற எஸ்க்யூஎல்லும் பாடத்திட்டத்தில் எவ்வளவு இருக்கிறதோ அதைப் போல இரண்டு மடங்கு நீயாகக் கற்றுக்கொள்.

இனி வேலை. இதில் நிலம் சம்பந்தப்பட்டதை அப்பாவுக்கே தெரியும். புல வரைபடம், நிலம் யாருடையது என்று சொல்கிற 'அ' பதிவேடு, உட்பிரிவு, எல்லை காட்டுகிற அத்துக் கல். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறபோது வருகிற தகராறில் பாதி, தாளில் இருக்கிற அளவும் தரையில் இருக்கிற வரப்பும் ஒத்துப்போகாததால் வருவது. பழைய அளவு 66 அடிச் சங்கிலியில் நூறு லிங்க்ஸ் என்று எடுத்தது, புது அளவு டிஜிபிஎஸ் என்ற துல்லியமான ஜிபிஎஸ்ஸில் எடுப்பது. இரண்டையும் பொருத்துவதற்குக் கணக்கும் வேண்டும், கிராமத்தில் உட்கார்ந்து பேசுகிற பொறுமையும் வேண்டும். ஒரு காபித் தோட்டத்தில் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தடியில் மண்ணைத் தோண்டி, முழங்கை ஆழத்தில் பழைய எல்லைக் கல்லின் தலையைத் தொட்டபோது அந்த வீட்டுப் பாட்டி கையெடுத்துக் கும்பிட்டார். வரைபடம் சொன்ன இடத்துக்கும் கல் இருந்த இடத்துக்கும் ஒரு முழம் வித்தியாசம். கல்லைத்தான் ஏற்றுக்கொண்டோம், அந்த இடத்தில் ஆதியில் நட்ட கல் கிடைத்துவிட்டால் அது தாளைவிடப் பெரிய சாட்சி.

அரசு வேலை என்றால் நில அளவை மற்றும் நிலவரித் திட்டத் துறையின் நில அளவர், வரைவாளர் பதவிகளுக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு வைக்கிறது. ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். அந்தப் பதவிகளுக்கு ஐடிஐ சர்வேயர் படித்தவர்களும் சிவில் டிப்ளமோ முடித்தவர்களும் வருகிறார்கள். உன் குறிக்கோள் அது மட்டும்தான் என்றால் நாலு வருடப் பட்டம் தேவையில்லை, இந்த இடத்தில் அப்பா சொல்வது சரி. மத்திய அரசில் 1767இல் தொடங்கிய சர்வே ஆஃப் இந்தியா இருக்கிறது, ஐதராபாத்தில் தேசிய தொலை உணர்வு மையம் இருக்கிறது. அங்கெல்லாம் மேலே போக முதுகலை இருந்தால் நல்லது. 2022லிருந்து, பொறியியல் முதுகலைக்கு எழுதுகிற கேட் தேர்வில் ஜியோமேடிக்ஸுக்குத் தனித் தாள் வைத்திருக்கிறார்கள். முன்பு நாங்கள் சிவில் தாளை எழுதிக் கட்டட விட்டத்தோடும் கான்கிரீட்டோடும் மல்லுக்கட்டினோம், உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

சேலத்துக்காரிக்குச் சுரங்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஊருக்கு வடக்கே வெள்ளையாகத் தெரிகிற மேக்னசைட் மேடுகளைப் பார்த்திருப்பாய். சுரங்கத்தில் எவ்வளவு வெட்டினார்கள், குவியலில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து கையெழுத்துப் போட ஆள் வேண்டும். சுரங்க சர்வேயருக்குச் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் தனித் தேர்வு வைத்துத் தகுதிச் சான்று தருகிறது. இப்போது ட்ரோன் பறக்கவிட்டு ஒரு மணி நேரத்தில் படம் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு ஹெக்டேர் தளத்தில் உயரம் பத்து சென்டிமீட்டர் தப்பினால் கன அளவில் ஆயிரம் கன மீட்டர் தப்பும். பத்து கன மீட்டர் ஏற்றுகிற டிப்பருக்கு நூறு லோடு. அந்த நூறு லோடுக்கு யார் பணம் கட்டுவது என்று சண்டை வரும்போது, தரையில் துல்லியமாக அளந்து குறித்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளை எங்கே வைத்தாய், எப்படிச் சரிபார்த்தாய் என்று உன்னிடம்தான் கேட்பார்கள். ட்ரோன் ஓட்டத் தெரிந்தவர்கள் இன்று நிறைய. 2021 ட்ரோன் விதிகள் வந்த பிறகு பயிற்சி எடுத்து ரிமோட் பைலட் சான்று வாங்குவதும் எளிதாகிவிட்டது. அந்தப் படத்திலிருந்து நிற்கிற அளவு எடுக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

நீர், பேரிடர் பக்கம் வருகிற வேலைதான் என் மனசுக்கு நெருக்கமானது. திருமணிமுத்தாறு உங்கள் சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகருக்குள் இறங்குகிறது. மேலே எந்தச் சரிவில் பெய்கிற மழை கீழே எந்தத் தெருவுக்கு வரும் என்பது, நிலத்தின் உயரத்தைக் கட்டம் கட்டமாகச் சொல்கிற உயர மாதிரியை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்லக்கூடிய விஷயம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டுச் சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நீ நேரிலேயே பார்த்திருப்பாய். இலவசமாகக் கிடைக்கிற எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு 2000ஆம் வருடம் விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்தது, ஒரு கட்டம் 30 மீட்டர். சாலைக்காக மலையை ஐந்து மீட்டர் செங்குத்தாக வெட்டியிருப்பது அந்தக் கட்டத்துக்குள் கரைந்து காணாமல் போய்விடும். அதை மட்டும் வைத்துச் சரிவு ஆபத்து வரைபடம் போட்டால், உண்மையில் சரிகிற இடம் ஆபத்தில்லை என்று பச்சையாகவே தெரியும். அங்கே லேசர் ஒளியால் அளக்கிற லைடார் வேண்டும், இல்லையென்றால் நாங்கள் செய்த மாதிரி நடந்து அளக்க வேண்டும். மலையில் வளர்ந்த பிள்ளை எந்த வளைவில் மழைக்கு ஊற்று புறப்படும் என்று சொல்லும். அதை வரைபடத்தில் ஏற்றத் தெரிந்த மலைப் பிள்ளை எங்கள் துறையில் அபூர்வம்.

சம்பளம் அதிகம் கிடைப்பது மென்பொருள் பக்கம். வழிகாட்டும் செயலி, பொருள் கொண்டுவந்து கொடுக்கிற செயலி, பயிர்க் காப்பீடு, மின்கம்பி வலையமைப்பு என்று எல்லாவற்றுக்கும் அடியில் இடத் தரவு இருக்கிறது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது, 2022 டிசம்பரில் தேசியப் புவியிடக் கொள்கை வந்தது. அதற்குப் பிறகு தனியார் கம்பெனிகள் அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்த காலம் போய்விட்டது. சென்னை, பெங்களூரு, ஐதராபாத்தில்தான் வேலை. பைத்தான், இடத் தரவைச் சேமிக்கிற போஸ்ட்ஜிஐஎஸ் தெரியாமல் அந்த வாசலில் நிற்காதே. வெளிநாடு போகிறவர்கள் வளைகுடாவில் கட்டுமான சர்வேயராகப் போகிறார்கள், மேற்படிப்புக்கு நெதர்லாந்தின் ஐடிசி நிறுவனத்துக்கும் கனடாவின் கால்கரி, நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகங்களுக்கும் போகிறார்கள். கனடா மாதிரி நாடுகளில் நில எல்லையில் கையெழுத்துப் போடத் தனி உரிமம் வேண்டும், பட்டம் மட்டும் போதாது. ஏஜெண்டுகள் அதைச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு பள்ளத்தைச் சொல்லி எச்சரிக்க வேண்டும், நானே விழுந்தது. ஜிஐஎஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு, படத்தின் மேல் கோடு வரைகிற வேலை மட்டும் கொடுக்கிற கம்பெனிகள் உண்டு. ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் சாலை, இத்தனை வீடு என்று இலக்கு. ஒன்றரை வருடம் அப்படி ஓர் இடத்தில் இருந்தேன். வீட்டுக் கூரைகளைச் சுற்றிக் கோடு போட்டதைத் தவிர அங்கே கற்றது ஒன்றுமில்லை; கேள்வி கேட்டால் "டார்கெட் முடிச்சிட்டீங்களா?" என்பார்கள். இன்றைக்கு அந்த வேலையைக் கணினியே பெருமளவு செய்கிறது. அதையே நம்பி உட்கார்ந்த தோழிகள் சிலர் முப்பத்தைந்து வயதில் வேறு வேலை தேடினார்கள். முதல் வேலை அப்படி அமைந்தால் தப்பில்லை, ஆறு மாதத்துக்கு மேல் தங்காதே. தொடக்கச் சம்பளம் கணினி அறிவியல் படித்த உன் வகுப்புத் தோழியைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அதையும் தெரிந்தே வா.

கிண்டியில் இடம் கிடைக்காவிட்டால்? பெயருக்காக முன்பின் தெரியாத கல்லூரியில் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் எடுக்காதே. கருவி இருக்கிறதா, கேம்ப் போகிறார்களா, ஆசிரியர்கள் இதே துறையில் படித்தவர்களா என்று நேரில் போய்ப் பார். பதில் திருப்தியில்லை என்றால் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் சிவில் எடு, சென்னையைவிட வீட்டுக்குப் பக்கம். அல்லது சேலம் அரசு கலைக் கல்லூரியில் பாறையையும் மண்ணையும் படிக்கிற ஜியாலஜி எடு. இரண்டிலிருந்தும் முதுகலையில் இந்தத் துறைக்குள் வரலாம். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் ரிமோட் சென்சிங்குக்கென்றே ஒரு துறை இருக்கிறது. சிவில் முடித்து வந்த பிள்ளைகள் பின்தங்கி நான் பார்த்ததில்லை.

பொம்பளைப் பிள்ளைக்கு ஒத்துவருமா என்று கேட்டாய். வரும். கஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். காட்டில் கழிப்பறை இருக்காது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து எனக்குச் சிறுநீர்த் தொற்று வந்து ஒரு வாரம் படுத்தேன். இப்போது எந்த இடத்துக்குப் போனாலும் காலையில் முதல் வேலை, பக்கத்தில் இருக்கிற வீட்டுப் பெண்களிடம் போய்ப் பேசுவது. பாத்ரூமும் தருவார்கள், காபியும் தருவார்கள், எந்தக் கல் எங்கே புதைந்திருக்கிறது என்றும் சொல்வார்கள். ஆண் சர்வேயர்களுக்கு அந்தச் செய்தி பாதிகூடக் கிடைக்காது. தனியாகப் போகாதே, இருட்டுவதற்குள் கருவியைப் பெட்டியில் வை, அட்டைப் பூச்சிக்கு உப்பும் காலுக்கு நல்ல ஷூவும். டோட்டல் ஸ்டேஷன் ஐந்தாறு கிலோதான், முக்காலியும் அவ்வளவுதான். உங்கள் ஊரில் விறகுக் கட்டும் காபி மூட்டையும் தூக்கிய பெண்கள் முன்னால் அதை ஒரு சுமையாகச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கவுன்சிலிங்குக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதுவரை ஒன்று செய்து பார். 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி எதுவானாலும் போதும். அரசுப் பள்ளியில் முன்பு கொடுத்தது வீட்டில் இருந்தாலும் முயன்று பார், மெதுவாக ஓடும். க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளை இறக்கு. நான் சொன்ன 30 மீட்டர் உயரத் தரவில் ஏற்காடு இருக்கிற துண்டை எடுத்துக்கொள். அதை ஈபிஎஸ்ஜி 32644 என்ற எண்ணுக்கு மாற்று. அதுதான் 44ஆம் பட்டை. முதலில் சமஉயரக் கோடு போடு. அப்புறம் ஏற்காடு ஏரிக்கு எங்கிருந்தெல்லாம் தண்ணீர் வருகிறது என்று நீர்ப்பிடிப்பு எல்லையைக் கணினியை வைத்து வரையவை. டேராடூனில் இருக்கிற இந்தியத் தொலை உணர்வு நிறுவனம் இணையத்தில் இலவச வகுப்புகள் நடத்துகிறது. தடுமாறினால் அதில் சேர்ந்துகொள்.

வரைந்து முடித்ததும் அந்தப் படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போ. கணினி போட்ட எல்லைக்கோட்டின் மேலேயே நட. எங்கெங்கே மேடு இல்லாத இடத்தில் மேடு என்று கோடு போகிறது, எங்கே மரத்தின் உச்சியைத் தரை என்று எடுத்துக்கொண்டது, புதிதாக வெட்டிய சாலை எங்கே தண்ணீரைத் திருப்பிவிட்டது என்று ஒரு நோட்டில் எழுது. அப்பாவுக்கு அந்த ஓடைகள் எல்லாம் தெரியும், அவர் சொல்வதையும் எழுது. நோட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. உன் ஊர் இருக்கிற 58 ஐ/1 பழைய தாள் என்னிடம் இருக்கிறது, அதோடு ஒப்பிட்டுப் பார்த்து எந்தெந்த இடத்தில் கணினியைவிட அப்பா சரி என்று சொல்கிறேன்.